முறைமை மீண்டது; கோப்பு மீண்டதா?

ஏற்கெனவே இருக்கும் ஒரு கோப்பின் கடைசியில் ஒரு பத்தியைச் சேர்த்துச் சேமிக்கிறோம். நமக்கு அது ஒரே செயல். வட்டுக்கோ குறைந்தது மூன்று வேலைகள். பத்தியின் உள்ளடக்கம் காலியாக இருந்த ஒரு பிளாக்கில் எழுதப்பட வேண்டும். அந்த பிளாக் இனி காலியில்லை என்று இடக்கணக்கில் குறிக்க வேண்டும். கோப்பின் நீளமும் அதன் பிளாக்குகள் இருக்கும் இடங்களும் அடங்கிய ஐநோட் என்ற பதிவில் புதிய பிளாக்கின் எண் சேர வேண்டும். இந்த மூன்றும் வட்டில் மூன்று வெவ்வேறு இடங்களில் கிடப்பவை. ஒன்றை எழுதி அடுத்ததை எழுதுவதற்குள் மின்சாரம் போகலாம். இயங்குதளத்தின் கெர்னல் செயலிழந்து நின்றுவிடலாம்.

அப்படி நின்றால் என்னவெல்லாம் ஆகும்? உள்ளடக்கம் மட்டும் வட்டுக்குப் போயிருந்தால் பெரிய சேதமில்லை. பத்தி போயிற்று, ஆனால் வட்டைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கவில்லை. இடக்கணக்கு மட்டும் மாறியிருந்தால் ஒரு பிளாக் யாருக்கும் பயன்படாமல் வீணாகும். ஐநோட் மட்டும் மாறியிருந்தால் ஆபத்து. கோப்பு ஒரு பிளாக்கைத் தனது என்கிறது, இடக்கணக்கோ அதைக் காலி என்கிறது. நாளை வேறொரு கோப்புக்கு அதே பிளாக் கொடுக்கப்படும். இந்த முரண்களையெல்லாம் ஒரு நிரல் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட முடியும். இன்னொரு நிலையும் உண்டு. ஐநோட்டும் இடக்கணக்கும் எழுதப்பட்டுவிட்டன, உள்ளடக்கம் மட்டும் போய்ச் சேரவில்லை. இப்போது கணக்குகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. எந்தச் சோதனை நிரலும் இங்கே குறை காணாது. ஆனால் கோப்பைத் திறந்தால் நம் பத்தி இருக்க வேண்டிய இடத்தில் முன்பு எப்போதோ அழிக்கப்பட்ட வேறொரு கோப்பின் துண்டு இருக்கும்.

கோப்பு முறைமை மீட்பின் ஐம்பதாண்டு வரலாற்றை இந்த நான்காவது நிலையை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும் என்பது என் கருத்து. மீட்பு என்று பொறியாளர்கள் சொன்னது பெரும்பாலும் முறைமையின் உள்கணக்கு மீள்வதை. பயனர் புரிந்துகொண்டது தன் கோப்பு மீள்வதை. இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில்தான் பல பேருடைய உழைப்பு காணாமல் போயிருக்கிறது.

பழைய யூனிக்ஸ், எழுதச் சொன்னவற்றை உடனே வட்டுக்கு அனுப்பாது. நினைவகத்தில் வைத்திருந்து, 30 விநாடிக்கு ஒருமுறை மொத்தமாகத் தள்ளிவிடும். வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு அது. விபத்து நேர்ந்தால் அந்த அரை நிமிடத்து வேலை போகும் என்பதோடு, எது போயிற்று எது தங்கிற்று என்பதற்கு ஒழுங்கும் இராது. 1979இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸின் கையேட்டில் இதற்கென்று ஐசெக், டிசெக், என்செக் எனத் தனித்தனிக் கருவிகள் இருந்தன. ஒன்று பிளாக்குகளின் கணக்கைப் பார்க்கும், ஒன்று கோப்பகங்களைப் பார்க்கும், ஒன்று ஐநோட் எண்ணுக்குரிய பெயரைத் தேடித் தரும். அவை சொல்வதைப் படித்து, எந்த ஐநோட்டைத் துடைப்பது என்று முடிவுசெய்து, கையால் துடைக்க வேண்டியவர் கணினியைப் பராமரிப்பவர். முறைமையின் உள்ளமைப்பை நன்கு அறிந்தவருக்கே அது சாத்தியம்.

1970களின் இறுதியில் டெட் கோவால்ஸ்கி எழுதிய எஃப்.எஸ்.சி.கே. இந்த நிலையை மாற்றியது. கோப்பு முறைமைச் சோதனை என்பதன் சுருக்கம்தான் அந்தப் பெயர். பின்னர் பெர்க்லியில் மார்ஷல் கிர்க் மெக்கூசிக் உருவாக்கிய வேகக் கோப்பு முறைமைக்கு ஏற்ப அது விரிவாக்கப்பட்டது. இன்றைய லினக்ஸின் எக்ஸ்ட் குடும்பத்துக்கான சோதனை நிரலும் அதே வரிசையில்தான் நடக்கிறது. முதலில் ஒவ்வொரு ஐநோட்டையும் அதற்குரிய பிளாக்குகளையும் பார்க்கிறது. அடுத்து கோப்பகங்களின் அமைப்பு. பிறகு ஒவ்வொரு கோப்பகமும் வேர்க் கோப்பகத்திலிருந்து எட்டக்கூடியதா என்பது. நான்காவதாக, ஒரு கோப்புக்கு எத்தனை பெயர்கள் இருப்பதாக ஐநோட் சொல்கிறதோ அத்தனை பெயர்கள் உண்மையிலேயே உள்ளனவா என்பது. கடைசியில் காலியிடக் கணக்கு.

பெர்க்லிக்காரர்கள் செய்த இன்னொரு காரியம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. விபத்துக்குப் பின் திருத்துவது மட்டும் போதாது, விபத்து நேர்ந்தால் எந்த வகைப் பிழைதான் மிஞ்சலாம் என்பதை முன்கூட்டியே கட்டுப்படுத்த வேண்டும் என்று அவர்கள் கண்டார்கள். அதனால் ஐநோட், கோப்பகம் போன்றவற்றைக் கெர்னல் ஒரு குறிப்பிட்ட வரிசையில், காத்திருந்து காத்திருந்து எழுதியது. ஒரு பெயர் வட்டுக்குப் போகும் முன்பே அது சுட்டும் ஐநோட் போயிருக்கும். அந்த வரிசை காக்கப்பட்டிருந்தால் மிஞ்சும் பிழைகள் தெரிந்த வகையினவாகவே இருக்கும். யாரையும் கேட்காமல் நிரலே திருத்திவிடும். எதிர்பாராத பிழை தென்பட்டால் அது கை வைக்காமல் நின்று, ஆளை அழைக்கும். தன்னால் முடியாததை அறிந்து நின்ற அந்தப் பண்பு எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகத் தோன்றுகிறது.

எஃப்.எஸ்.சி.கே. எதைக் காப்பாற்றுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். யூனிக்ஸில் கோப்பின் பெயர் கோப்போடு இருப்பதில்லை. அது கோப்பகத்தில் இருக்கிறது. கோப்பகம் சிதைந்தால் கோப்பு முழுசாக இருந்தும் பெயரிழந்து நிற்கும். அத்தகைய கோப்புகளை நிரல் பொறுக்கியெடுத்து, 'தொலைந்ததும் கிடைத்ததும்' என்று பொருள்படும் லாஸ்ட் பிளஸ் ஃபவுண்ட் கோப்பகத்தில், ஐநோட் எண்ணையே பெயராக வைத்துப் போட்டுவிடும். விண்டோஸின் செக்டிஸ்க் உருவாக்கும், எண்ணிட்ட சிஎச்கே கோப்புகளும் இதே இனம்தான். ஒரே பிளாக்கை இரண்டு கோப்புகள் தமது என்று சொன்னால், எக்ஸ்ட் சோதனை நிரல் அந்த பிளாக்கைப் படியெடுத்து இரண்டுக்கும் ஒவ்வொன்று கொடுத்துவிடும். கணக்கு சீராகிவிட்டது. ஆனால் அந்த உள்ளடக்கம் இரண்டில் ஒன்றுக்குத்தான் உரியது. மற்றதில் இப்போது அந்நியமான துண்டு ஒன்று சட்டபூர்வமாகக் குடியேறியிருக்கிறது. நிரலைக் குறை சொல்ல முடியாது. உள்ளடக்கத்தின் பொருள் அதற்குத் தெரியாது.

வட்டுகள் பெரிதாகப் பெரிதாக இன்னொரு தொல்லை முளைத்தது. எஃப்.எஸ்.சி.கே. முழு வட்டையும் அலச வேண்டும். விபத்து நேர்ந்த கணத்தில் நடந்துகொண்டிருந்தது நாலைந்து மாற்றங்கள்தான் என்றாலும், அவை எவை என்று தெரியாததால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருந்தது. பெரிய சர்வர்களில் அது மணிக்கணக்கில் நீண்டது.

விடை தரவுத்தள உலகிலிருந்து வந்தது. நம் வணிகர்கள் ஒவ்வொரு நடவடிக்கையையும் முதலில் குறிப்பேட்டில் நாள்வாரியாக எழுதிக்கொண்டு, பிறகு பேரேட்டில் அந்தந்தக் கணக்குக்குப் பெயர்த்தெழுதுவார்கள். பேரேட்டுப் பதிவு பாதியில் நின்றாலும் குறிப்பேட்டைப் பார்த்து முடித்துவிடலாம். ஜர்னலிங் என்பதும் அதுவேதான். வட்டின் ஓரிடத்தை ஒதுக்கி, செய்யப்போகும் மாற்றங்கள் அனைத்தையும் முதலில் அங்கே எழுதி, இந்தத் தொகுதி முடிந்தது என்று ஒரு முடிவு முத்திரையும் இட்ட பிறகே உரிய இடங்களில் எழுதுவது. விபத்துக்குப் பின் ஜர்னலைப் பார்த்தால் போதும். முத்திரை உள்ள தொகுதிகளைத் திரும்ப நிறைவேற்றலாம், முத்திரை இல்லாததை விட்டுவிடலாம். வட்டு எவ்வளவு பெரியதானாலும் ஜர்னல் சிறியது. சில விநாடிகளில் வேலை முடிந்துவிடும்.

தரவுத்தளங்களில் இந்தக் கலையைச் செம்மையாக வகுத்தவர்களில் முதன்மையானவர் சி. மோகன். சென்னை ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் படித்து 1977இல் பட்டம் பெற்றவர். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அவரும் சக ஆய்வாளர்களும் 1992இல் வெளியிட்ட ஏரீஸ் என்ற மீட்பு முறை, தரவுத்தளப் பாடத்தில் இன்றும் தவிர்க்க முடியாதது. விபத்தின் கணம் வரை நடந்த அனைத்தையும் பதிவேட்டிலிருந்து அப்படியே மறுபடி நிகழ்த்து, பிறகு முடிவுறாதவற்றைத் தலைகீழாகக் கழித்துவிடு என்பது அதன் சாரம். கோப்பு முறைமைகளிலும் இந்தச் சிந்தனை முன்பே வேர்விட்டிருந்தது. 1987இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் சீடர் முறைமையை ராபர்ட் ஹேக்மன் இப்படி மாற்றியமைத்தார். 1990இல் ஐ.பி.எம்.மின் ஏ.ஐ.எக்ஸ்., 1993இல் விண்டோஸ் என்.டி., 1994இல் சிலிக்கான் கிராஃபிக்ஸின் எக்ஸ்.எஃப்.எஸ். என்று தொடர்ந்தது. லினக்ஸுக்கு 1998இல் ஸ்டீஃபன் ட்வீடி முன்வைத்த வடிவம், எக்ஸ்ட்3 என்ற பெயரில் 2001 நவம்பரில் கெர்னலில் இடம்பெற்றது.

ஆனால் தரவுத்தளத்துக்கும் கோப்பு முறைமைக்கும் நடுவே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இந்தக் கட்டுரையின் மையம் அதுதான். தரவுத்தளம் தன் பதிவேட்டில் வாடிக்கையாளரின் தகவலையே எழுதுகிறது. வங்கிக் கணக்கில் ஐந்நூறு ரூபாய் சேர்ந்தது என்றால் அந்த ஐந்நூறு ரூபாய் பதிவேட்டில் இருக்கும். கோப்பு முறைமைகளோ பெரும்பாலும் தம் உள்கணக்கை மட்டுமே ஜர்னலில் எழுதுகின்றன. ஐநோட் மாறியது, இடக்கணக்கு மாறியது என்பவை இருக்கும். நாம் எழுதிய பத்தி இராது. எல்லாவற்றையும் ஜர்னலில் எழுதினால் ஒவ்வொரு பைட்டும் இரண்டு முறை வட்டுக்குப் போக வேண்டும், வேகம் பாதியாகிவிடலாம் என்பதே காரணம். எக்ஸ்ட்3 மூன்று வழிகளையும் வைத்திருந்தது. உள்ளடக்கத்தையும் ஜர்னலில் எழுதுவது ஒன்று. உள்ளடக்கத்தை அதன் இடத்தில் எழுதிய பிறகே உள்கணக்குக்கு முத்திரையிடுவது இன்னொன்று. எந்த வரிசையும் பார்க்காதது மூன்றாவது. இயல்பாக அமைந்தது நடுவழி. அது நான் முதலில் சொன்ன நான்காவது நிலையைப் புதிதாகச் சேர்க்கும் பிளாக்குகளுக்குத் தடுத்தது. ஏற்கெனவே உள்ள உள்ளடக்கத்தின் மேல் எழுதும்போது விபத்து வந்தால், பாதி புதியதும் பாதி பழையதுமாகக் கோப்பு நிற்பதை அதுவும் தடுக்காது.

ஜர்னல் இருந்தால் போதும் என்ற நம்பிக்கையை 2004இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அசைத்தார்கள். ஜுன்ஃபெங் யாங்கும் டாசன் எங்லரும் அவர்களுடைய சகாக்களும், கோப்பு முறைமை போகக்கூடிய நிலைகளை ஒவ்வொன்றாக நிரலாலேயே நடத்திப் பார்க்கும் கருவி ஒன்றைச் செய்து, எக்ஸ்ட்3, ஜே.எஃப்.எஸ்., ரைசர் ஆகிய மூன்றிலும் ஓடவிட்டார்கள். 32 கடுமையான பிழைகள் அகப்பட்டன. மூன்றிலுமே, வேர்க் கோப்பகம் உட்படக் கோப்பகங்கள் மீட்கவே முடியாமல் அழியும் சூழ்நிலைகள் இருந்தன. அவற்றில் ஒரு வகை குறிப்பாக அச்சமூட்டுவது. மீட்பு நிரல் ஜர்னலில் உள்ளவற்றை உரிய இடங்களில் எழுதிவிட்டு ஜர்னலைத் துடைக்கிறது. எழுதியவை உண்மையிலேயே வட்டைச் சென்றடைந்தனவா என்று உறுதிசெய்யாமலே துடைத்துவிட்டால், அந்த நேரத்தில் மின்சாரம் மறுபடி போனால், இரண்டும் இல்லை. எக்ஸ்ட்3இன் மீட்பு நிரலைக் கெர்னலுக்கு வெளியே கொண்டுவந்தபோது, 'வட்டில் எழுதி முடி' என்ற அழைப்பு, எதுவும் செய்யாத வெற்று வரையறையாக விடப்பட்டிருந்தது. ஒருமுறை மின்சாரம் போய்வந்த இடத்தில் பத்து நிமிடத்தில் மறுபடி போவது நம் ஊர்களில் அரிதல்ல. மீட்பின் நடுவே வரும் விபத்து ஏட்டில் மட்டும் உள்ள ஆபத்தும் அல்ல.

வட்டும் உண்மை பேசுவதில்லை. எழுதிவிட்டேன் என்று அது சொல்லும்போது, தகவல் அதன் உள்நினைவகத்தில் மட்டும் இருக்கலாம். தன் வசதிக்கேற்ப வரிசையையும் மாற்றிக்கொள்ளலாம். முடிவு முத்திரை முன்னால் போய், அது முத்திரையிட்ட விவரங்கள் பின்தங்கிவிட்டால், மீட்பு நிரல் குப்பையை நம்பி நிறைவேற்றும். இதைத் தடுக்கவே, எக்ஸ்ட்3க்கு அடுத்து வந்த எக்ஸ்ட்4, உள்நினைவகத்தைக் காலிசெய்யச் சொல்லும் கட்டளையை இயல்பாகவே அனுப்புகிறது. ஜர்னல் தொகுதிகளுக்குச் சரிபார்ப்பு எண் சேர்க்கும் வசதியும் வந்தது. எஸ்.எஸ்.டி.கள் வந்தபின் நிலை மேம்பட்டது என்றும் சொல்வதற்கில்லை. 2013இல் வெளியான ஓர் ஆய்வில் 15 எஸ்.எஸ்.டி.களின் மின்சாரத்தைத் திரும்பத் திரும்பத் துண்டித்துப் பார்த்தார்கள். 13இல் கோளாறு தென்பட்டது. ஒன்று அடியோடு செத்தே போனது.

2009 ஜனவரியில், உபுண்டுவின் சோதனைப் பதிப்பில் எக்ஸ்ட்4ஐப் பயன்படுத்திய ஒருவர், கணினி நின்று மீண்டபின் தன் மேசைத்தள அமைப்புக் கோப்புகள் பல பூஜ்ய பைட்டாக இருப்பதாகப் புகார் பதிந்தார். கோப்பு முறைமையில் எந்தச் சிதைவும் இல்லை. ஜர்னல் சரியாக வேலை செய்திருந்தது. கோப்புகளின் பெயர்கள் இருந்தன, உள்ளே ஒன்றுமில்லை. எக்ஸ்ட்3 ஐந்து விநாடிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. எக்ஸ்ட்4, எந்த இடத்தில் எழுதுவது என்ற முடிவையே தள்ளிப்போட்டு, 30 விநாடியோ அதற்கு மேலோ காத்திருந்து, அடுத்தடுத்த பிளாக்குகளாகப் பார்த்து ஒதுக்குகிறது. வேகத்துக்கு அது மிக நல்லது. ஆனால் பழைய கோப்பைக் காலியாக்கிவிட்டு அதிலேயே புதியதை எழுதும் நிரல்களுக்கு, காலியாக்கியது ஜர்னலில் ஏறிவிட, எழுதியது நினைவகத்திலேயே மாய்ந்துபோனது. தற்காலிகக் கோப்பில் எழுதிப் பழைய பெயருக்கு மாற்றும் நிரல்களும், மாற்றும் முன் எஃப்சிங்க் என்ற அழைப்பால் 'இதை வட்டில் சேர்த்துவிட்டுப் பதில் சொல்' என்று கேட்காததால், அதே கதிக்கு ஆளாயின.

எக்ஸ்ட்4இன் பராமரிப்பாளர் தியோடர் சோ சொன்ன விளக்கம் விதிப்படி சரியானது. எஃப்சிங்க் அழைக்காத நிரலுக்கு எந்த உத்தரவாதமும் ஒருபோதும் தரப்படவில்லை. யூனிக்ஸ் வகை முறைமைகளுக்கான போசிக்ஸ் தரநிலை, விபத்துக்குப் பின் கோப்பு எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது பற்றி ஏறத்தாழ மௌனம். இருந்தும், ஏழாண்டுக்கு மேலாக எக்ஸ்ட்3 தற்செயலாகத் தந்த பாதுகாப்பை ஆயிரக்கணக்கான நிரல்கள் நம்பி எழுதப்பட்டிருந்தன. எழுதாத வாக்குறுதியும் நெடுநாள் காக்கப்பட்டால் வாக்குறுதியாகிவிடுகிறது. அதை முறிப்பவர் விதியைக் காட்டித் தப்ப முடியாது என்றே நினைக்கிறேன். அவரும் அதோடு விட்டுவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். காலியாக்கி எழுதுவது, பெயர்மாற்றி இடம்பிடிப்பது ஆகிய இரண்டு பழக்கங்களையும் அடையாளம் கண்டு உள்ளடக்கத்தை உடனே தள்ளிவிடும் திருத்தம், அந்த ஆண்டே கெர்னலின் 2.6.30 பதிப்பில் வந்தது.

விபத்துக்குப் பின் என்ன மிஞ்சும் என்ற இந்தக் கேள்வியை 2014இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தாணுமாலயன் சங்கரநாராயண பிள்ளை, விஜய் சிதம்பரம், ராம்நாத்தன் அழகப்பன் உள்ளிட்ட குழு முறையாக ஆராய்ந்தது. எஸ்கியூலைட், கிட், போஸ்ட்கிரெஸ்கியூஎல் போன்ற புகழ்பெற்ற 11 மென்பொருள்களை எடுத்துக்கொண்டு, எந்தெந்த வரிசையில் எழுதப்படுபவை வட்டை அடையலாமோ அந்தந்த வரிசையில் விபத்தை உண்டாக்கிப் பார்த்தார்கள். 60 பலவீனங்கள் வெளிப்பட்டன. கைதேர்ந்த பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் செதுக்கிய மென்பொருள்கள் அவை. அவற்றிலேயே இவ்வளவு என்றால், தவறு தனி மனிதர்களின் கவனக்குறைவில் இல்லை. விபத்துக்குப் பின் என்ன மிஞ்சும் என்பதை யாரும் திட்டமாகச் சொல்லாததில் இருக்கிறது.

எஃப்சிங்க் அழைத்தவர்களும் முழுக்கத் தப்பவில்லை. 2018இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் உருவாக்குநர்களுக்கு ஒன்று தெரியவந்தது. வட்டில் எழுதுவது தோற்றால் லினக்ஸ் அந்தப் பிழையை எஃப்சிங்க் வழியே ஒருமுறைதான் சொல்கிறது. சொல்லிவிட்டு, எழுதப்படாத அந்தப் பக்கங்களையே எழுதப்பட்டவை என்று குறித்துவிடுகிறது. மறுபடி எஃப்சிங்க் அழைத்தால் வெற்றி என்று பதில் வருகிறது. தரவுத்தளமோ, தோற்றால் மறுபடி முயன்றால் போதும் என்று இருபதாண்டாக நம்பியிருந்தது. 2019 பிப்ரவரியில் வந்த பதிப்புகளிலிருந்து, எஃப்சிங்க் ஒருமுறை தோற்றாலே அது தன்னைத் தானே நிறுத்திக்கொண்டு, பதிவேட்டிலிருந்து மீண்டெழுகிறது. விபத்தைத் தானே வரவழைத்துக்கொள்வது அங்கே பாதுகாப்பான வழியாகிவிட்டது.

சன் நிறுவனத்தின் இசட்.எஃப்.எஸ். கோப்பு முறைமை வேறு பாதையில் போனது. எதன் மேலும் எழுதாதே, புதிய இடத்தில் எழுது, எல்லாம் முடிந்தபின் வேர்ச் சுட்டியை மட்டும் ஒரே அடியில் மாற்று என்பது அதன் கொள்கை. ஒவ்வொரு பிளாக்குக்கும், உள்ளடக்கம் உட்பட, சரிபார்ப்பு எண் உண்டு, படிக்கும்போதெல்லாம் ஒப்பிடும். எக்ஸ்ட்4 உள்கணக்குக்கு மட்டுமே அந்த எண்ணை வைக்கிறது.

விழுந்த கணினி முன்னால் இருக்கும்போது இந்த வரலாறு நேரடியாக உதவும். முதலில் வரும் உந்துதல் சோதனை நிரலை ஓட்டி, கேட்பதற்கெல்லாம் 'ஆம்' என்று பதில் சொல்வது. அதை அடக்க வேண்டும். அந்த நிரல் உள்கணக்கைச் சீராக்கவே எழுதப்பட்டது. அதற்காகக் கோப்பைத் துண்டிக்கவும் ஐநோட்டைத் துடைக்கவும் தயங்காது. துடைத்தபின் திரும்பப் பெற முடியாது. முதல் வேலை, வட்டை வேறொரு வட்டுக்கு அப்படியே படியெடுப்பது. வட்டிலேயே பழுதான பகுதிகள் இருந்தால் டிடிரெஸ்க்யூ என்ற கருவி நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, மோசமானவற்றுக்குப் பிறகு திரும்பி வரும். விட்ட இடத்தைக் குறித்துவைத்துக்கொள்வதால் நடுவில் நிறுத்தியும் தொடரலாம். சோதனைகளையெல்லாம் அந்தப் படியின் படியில் செய்ய வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: எக்ஸ்ட்3ஐயோ எக்ஸ்ட்4ஐயோ 'படிக்க மட்டும்' என்று சொல்லி இணைத்தாலும் கெர்னல் ஜர்னலை நிறைவேற்றும், அதாவது வட்டில் எழுதும். எழுதவே கூடாதென்றால் நோலோட் என்ற விருப்பத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முறைமையின் அடிப்படை விவரங்கள் அடங்கிய சூப்பர்பிளாக் சிதைந்து வட்டே அடையாளம் தெரியாமல் போனாலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. அதன் நகல்கள் வட்டு நெடுகிலும் உள்ளன. 4 கேபி பிளாக்குகள் கொண்ட எக்ஸ்ட் முறைமையில் முதல் நகல் வழக்கமாக 32768ஆம் பிளாக்கில் இருக்கும்; சோதனை நிரலுக்கு அந்த எண்ணைக் கொடுத்தால் அங்கிருந்து தொடங்கும். எல்லா அமைப்பும் அழிந்துவிட்டால் ஃபோட்டோரெக் போன்ற கருவிகள் உண்டு. ஜேபெக் படம் என்றால் எந்த பைட்டுகளில் தொடங்கும் என்பது போன்ற அடையாளங்களை வைத்து அவை வட்டைத் துழாவும். பெயரும் கோப்பகமும் கிடைக்காது. சிதறிக் கிடக்கும் கோப்புகள் முழுமையாகச் சேராமலும் போகலாம்.

எஸ்.எஸ்.டி. என்றால் அவசரம் கூடுதல். அழிக்கப்பட்ட பிளாக்குகள் எவை என்று வட்டுக்குத் தெரிவிக்கும் டிரிம் கட்டளையைப் பல லினக்ஸ் வழங்கல்கள் வாரம் ஒருமுறை தாமாகவே அனுப்புகின்றன. சோதனை நிரல் காலி என்று அறிவித்த இடத்தில் நம் கோப்பு கிடந்தால், அந்தக் கட்டளைக்குப் பிறகு எந்தக் கருவிக்கும் அது அகப்படாது. முறைமை சீராகிக் கணினி இயல்பாக ஓடத் தொடங்கிய பின்னும், விபத்துக்கு முந்தைய அரை மணி நேரத்தில் மாறிய கோப்புகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் திறந்து படித்து, காப்புப் பிரதியோடு ஒப்பிட்டு முடிக்கும் வரை டிரிமை நிறுத்தி வைப்பது நல்லது.